நாகஜோதி பேரில் போனது

"அக்கா, நீ அனுப்புற பணம் எந்த பஸ்ல வருது?" என்று என் தங்கை நாகஜோதி ஒருமுறை போனில் கேட்டாள்.

திருப்பூரில் ஏறி, மதுரையில் மாறி, கமுதியில் இறங்கும் என்றேன்.

"ஜன்னலோரம் உக்காருமா?"

கூட்டத்தைப் பொறுத்தது என்றேன்.

"வாந்தி எடுக்குமா?"

அவள் இப்படித்தான். ஒரு பதில் சொன்னால் மூன்று கேள்வி கேட்பாள். அதற்காகவே அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நான் அப்படி இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு, பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறேன். கேள்வி வந்தால் நோட்டில் எழுதுவேன். நோட்டு நிரம்பினால் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிடுவேன். என் தலையணை இப்போது மிகவும் கெட்டியாக இருக்கிறது.

பணம் பஸ்ஸில்தான் போகும். யார் பேரில் அனுப்புகிறோமோ அவராகவே போகும். மூன்று வருடமாக நான் அம்மா பேரில் அனுப்பினேன். பணம் அம்மாவாகப் போய் இறங்கி, வீட்டில் கால் நீட்டி உட்காரும். அம்மா விறகை எரித்துக் கரிமூட்டம் போடும் இடத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே படுத்துக்கொள்வாள். ஒரு வீட்டுக்கு இரண்டு அம்மா எதற்கு என்று அவளே சொன்னாள். நாலு நாளில் பணம் தீர்ந்துவிடும். பிறகு அவள் வீட்டுக்கு வருவாள். யாருக்கும் கஷ்டம் இல்லை.

இந்த வருடம் அம்மாவின் பெருவிரலில் ரேகை போய்விட்டது. கரி தின்றுவிட்டது. கமுதியில் விரல் வைத்துப் பணம் எடுக்கும் மெஷின், இப்படி ஒரு ஆள் கிடையாது என்று சொல்லிவிட்டது. அம்மா அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

நாகஜோதி பேரில் ஒரு கணக்கு இருந்தது. ஸ்காலர்ஷிப் வரும் என்று பள்ளிக்கூடத்தில் திறக்கச் சொன்னது. ஸ்காலர்ஷிப் வரவில்லை. அதனால் உள்ளே நிறைய இடம் இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் அவளுடைய பத்தாம் வகுப்பு ஃபீஸ் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எடுத்த பேர்களெல்லாம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். திருப்பூர்க் கம்பெனி வேனில் ஏறும். நானே அப்படி ஏறிய பேர்தான்.

சனிக்கிழமை சம்பளம் போட்டதும் நாச்சிமுத்து அண்ணன் கடைக்குப் போனேன். செல்போன் ரீசார்ஜ் செய்வார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுப்பார், வெளியூர்க்காரர்களின் பணத்தை ஊருக்கு அனுப்புவார். வரிசை நீளம். நான் ஓரடி முன்னால் வைத்தால் கடை ஓரடி பின்னால் போனது. கடைகளுக்கும் கூட்டம் என்றால் பயம் இருக்கும்தானே.

எனக்கு முன்னால் ஜதின் நின்றான். ஒடிசாக்காரன். சாயப்பட்டறையில் வேலை. ஒரு கை மட்டும் ஊதாவாக இருந்தது.

"எப்ப வந்தீங்க?" என்றேன்.

"பொங்கலுக்கு."

"ஊருக்குப் போகலையா?"

"எதுக்கு அக்கா? என் பேர்ல பணம் போகுது. என் பையன் அத பாபான்னு கூப்புடுது, அப்பான்னு. நல்ல பணம். குடிக்காது. அடிக்காது." கொஞ்சம் யோசித்தான். "நான் போனா பொண்டாட்டி கேக்கும், நீ யாரு?"

சிரித்துவிட்டு, என்னை முன்னால் விட்டான். அவனுக்கு அவசரம் இல்லையாம்.

வியாழக்கிழமை மத்தியானம்தான் கவுன்டரைப் பிடித்தேன்.

"நீ ஊருல இல்லைங்கறதுக்கு என்ன ஆதாரம் வெச்சிருக்கற அம்மிணி?" என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

"இங்க நிக்கிறேனேண்ணே."

"அல்லாரும் அதையேதான் சொல்றாங்க. ஊருல இருந்துட்டே இங்க நிக்கறவங்க எத்தன பேருன்னு எனக்குத் தெரியும். உங்கொம்மாவுக்குப் போனப் போட்டு ஊட்டுக்குள்ள தேடச் சொல்லு."

போட்டேன். அம்மா தேடினாள். கட்டிலுக்கு அடியில் பாத்திரங்களை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"இல்லத்தா. நீ இங்கன இல்ல."

"நல்லாத் தேடிட்டாங்களான்னு கேளு," என்றார் அவர்.

"அரிசிப் பானைக்குள்ளயும் கைய விட்டுப் பாத்துட்டேன். இல்ல," என்றாள் அம்மா.

அவர் முத்திரை குத்தினார். மூன்று வருடத்தில் அம்மா என்னைத் தேடியது அதுதான் முதல் தடவை. பணம் அனுப்பும் பாரத்தில் அதை எழுத இடம் இல்லை.

"யார் பேருல?"

"நாகஜோதி. என் தங்கச்சி."

"பணம் உள்ள இருக்கற வரைக்கும் உன்ற தங்கச்சி வெளிய நிக்கோணும். சம்மதமா?"

நான் கணக்குப் போட்டேன். போய் இறங்கியதும் ஃபீஸ் கட்டிவிட்டால் பணம் தீர்ந்துவிடும். அரை நாள் வேலை. அரை நாள் யாரும் வெளியே நிற்கலாம்.

"சம்மதம்ணே."

கையெழுத்துப் போட்டேன். கவுன்டரில் வைத்த நோட்டுகள் எழுந்து நின்றன. இரட்டைச் சடை, நீலப் பாவாடை, முழங்காலில் பழைய தழும்பு. எல்லாம் சரியாக இருந்தது. கமிஷனுக்காக நாச்சிமுத்து அண்ணன் இடது சடையின் நுனியில் இரண்டு விரல் அளவு வெட்டி டிராயருக்குள் போட்டார். அது ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை. சரியான பக்கம் நடந்து போனது.

அம்மாவும் நானும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். பணம் வந்தால் ஒரு மிஸ்டு கால். வராவிட்டால் இரண்டு. வெள்ளிக்கிழமை மூன்று வந்தது. மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் பேசிவைக்கவில்லை. சூப்பர்வைசரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமிலிருந்து கூப்பிட்டேன்.

"வந்துருச்சுத்தா," என்றாள் அம்மா. குரலில் சந்தோஷம். "ஒரு சடை கொஞ்சம் குட்டை. பரவால்ல. தலைக்கு எண்ண தேச்சுப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டேன்."

"ஃபீஸ் கட்டியாச்சா?"

"அதான் போயி உக்காந்துருக்குல்ல. முன் பெஞ்சு குடுத்துட்டாக. டீச்சருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம். கேள்வியே கேக்க மாட்டேங்குதாம்."

"எப்பம்மா தீரும்?"

"பள்ளிக்கூடத்துக்குள்ள போனது தீராதாம்த்தா. அங்கனயே இருக்குமாம். பரீச்சையும் அதுவே எழுதுமாம். பாஸாயிரும்னு எழுதியே குடுத்துருக்காக."

இதை நான் யோசித்திருக்கவில்லை. வீட்டுக்குப் போகும் பணம்தான் தீரும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பணம் தீராது. எட்டாவதோடு நின்றவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"நாகஜோதி எங்க?"

"பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னா. ஹெட்மாஸ்டரு வந்து, அந்தப் பேருல உள்ள ஆளு இருக்கே, நீ யாருன்னு கேட்டாக. இவ பேசாம இருக்கக் கூடாதா? பதிலுக்கு மூணு கேள்வி கேட்டா."

"அப்புறம்?"

"வேன் வந்துச்சு. புளிச்சோறு கட்டிக் குடுத்துருக்கேன். ரெண்டு பேரும் சாப்புடுங்க. ஒன் பங்கும் அதுல இருக்கு."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு ஜதின் வந்தான். இப்போது அவனுக்கு இரண்டு கையும் ஊதாவாக இருந்தன.

"அக்கா, உன் மீதி வந்துச்சு. கவுன்டர்ல உக்காந்திருக்கு."

"அழுவுதா?"

"இல்ல. அதான் சொல்ல வந்தேன்."

பிசிறு வெட்டும் கத்தரி கையில் இருந்தது. அதோடு ஓடினேன். கடை இன்று பின்னால் போகவில்லை. இடத்திலேயே நின்றது. வாங்குவதற்கு வருகிறவர்களைக் கண்டு கடைகள் பயப்படுவதில்லை போலிருக்கிறது.

கவுன்டர் மேல் நாகஜோதி உட்கார்ந்திருந்தாள். மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. கழுத்தில் கம்பெனி அட்டை. வாசலில் வேன் நின்றது.

"உள்ள எடமில்லைன்னு திரும்பி வந்துருச்சு," என்றார் நாச்சிமுத்து அண்ணன். "கையெழுத்துப் போட்டு வாங்கிக்க அம்மிணி. சரியா இருக்கான்னு பாத்துக்க. பொறவு வந்து கேக்கக் கூடாது."

பார்த்தேன். இரண்டு சடையும் முழுசாக இருந்தன. இரண்டும் ஒரே நீளம். அவள்தான்.

"எடுத்துட்டுப் போக மாட்டேன்ணே. திருப்பி அனுப்புங்க," என்றேன். இவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. வரிசையில் நின்ற நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அனுப்பலாமே. யார் பேருல?"

"நாகஜோதி பேருல."

"அந்தப் பேருல ஏற்கெனவே ஆள் இருக்குது." அவர் பேனாவை மூடினார். "முன் பெஞ்சுல."

கையெழுத்துப் போட்டேன். எந்த இடத்தில் என்று அவர் விரலை வைத்துக் காட்டினார்.

நான் நாகஜோதியின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். என்னிடம் பதில்கள் இருந்தன. தலையணை நிறைய இருந்தன. எதற்காக என் பேரில் அனுப்பினாய் என்று கேட்டால் சொல்லலாம். யார் சம்மதித்தது என்று கேட்டால்கூடச் சொல்லலாம். அவள் என் கையிலிருந்த கத்தரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நானே கேட்டேன்.

"ஜன்னலோரம் உக்காந்தியா?"

அவள் கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"வாந்தி எடுத்தியா?"

வேன் ஹாரன் அடித்தது. நாகஜோதி கவுன்டரிலிருந்து இறங்கினாள். தூக்கைத் திறந்து, மூடியில் பாதிச் சோற்றைப் பிரித்து, மூடியை என் முன்னால் வைத்தாள். என் கையிலிருந்த கத்தரியை எடுத்து, எந்த விரல் எந்த வளையத்துக்குள் போக வேண்டும் என்று தானே பார்த்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு முறை காற்றை வெட்டிப் பார்த்தாள்.

பிறகு வரிசையைத் தாண்டிப் போய், ஒன்றும் கேட்காமல் வேனில் ஏறினாள்.