துரையின் கைத்துப்பாக்கியும் மூன்றாவது ஓலையும்

கோட்டாறில் என் பட்டறையில் இருக்கும்வரை வெள்ளைக்காரத் துரையின் கைத்துப்பாக்கி ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. மலை ஏறினால்தான் வம்பு. கீரிப்பாறைக்கு மேலே, துரையின் ரப்பர் தோட்டத்தில், விடிகிற நேரத்தில், குரங்குகளுக்கு முன்னால், ஒரே ஒரு தோட்டாவைச் சுட்டுவிட்டு வாயடைத்துக்கொள்ளும். சுட்ட காலிக்கூடு வெளியே விழாது. துப்பாக்கியின் பக்கவாட்டுச் சன்னலில் பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, தெருவில் யார் போகிறார்கள் என்று பார்க்கிற மாதிரி நிற்கும். அதைப் பிடுங்கிப் போட்டால், அடுத்த தோட்டா மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு குழலுக்குள் போக மறுக்கும்.

குரங்குகளுக்கு இது மனப்பாடம். ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டைகளைப் பிடுங்கி விளையாடுவதுதான் அவற்றின் உத்தியோகம். முதல் வெடிக்கு மட்டும் மரியாதைக்காக மரத்தின் பின்னால் ஒதுங்கும். இரண்டாவது வராது என்று உறுதியானதும் திரும்பி வந்து வேலையைத் தொடரும். அவற்றில் ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு, துப்பாக்கியின் மேல்பாகத்தைத் துரை பின்னால் இழுத்து இழுத்து விடுவதைப் பார்த்துவிட்டு, இரண்டு சிரட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து அதேபோல் இழுத்துக் காட்டும். துரையைவிட அதற்கு வேலை சுத்தம் என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இதனால் நின்றுபோனது என் கல்யாணம்.

பெண் லீலாபாய். அவள் அப்பா ஜெபதாஸ் அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதுகிறவர். "எனக்க மருமவனாப் போறவன் தையல் மிஷினும் பாப்பான், தோக்கும் பாப்பான்" என்று துரையிடம் பெருமையடித்து, தோக்கு என்கிற அந்தத் துப்பாக்கியை என்னிடம் கொண்டுவந்தவர் அவர்தான். எங்கள் சபையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்கிற ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம். இரண்டு வாசித்தாயிற்று. அதற்குள் நான் சரிபார்த்து அனுப்பிய துப்பாக்கி திரும்பத் திரும்ப அடைத்து, பால்வெட்டுகிற ஆட்கள் எல்லோர் முன்பும் துரை ஜெபதாஸைத் திட்டிவிட்டார். துரை தமிழ் படித்ததும் அந்த ஆட்களிடம்தான். 'ஏலே' தவிர வேறு மரியாதை அவருக்குத் தெரியாது. போதகரையும் அப்படித்தான் கூப்பிடுவார். போதகரும் திரும்பிப் பார்ப்பார்.

ஜெபதாஸ் கோட்டாறுக்கு இறங்கி வந்து, துப்பாக்கியை என் மேசையில் வைத்தார்.

"ஏலே ஏசுஅடிமை, இந்தச் சாமானம் நேராவாம மூணாவது ஓலை கெடையாது."

"மாமா, ஓலைக்கும் தோக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"இத்துணூண்டு இரும்ப நேராக்கத் தெரியாதவன் எனக்க பிள்ளைய என்னத்தக் காப்பாத்துவான்?"

"பிள்ளைய நான் அரம் வச்சு ராவவா போறேன்?"

"வாய் மட்டும் அடைக்காம ஓடுது, பாத்தியா."

நான் என்னதான் செய்யவில்லை? இந்தச் சின்னத் தோட்டாவுக்கு அடியில் சட்டிக்கு இருப்பதுபோல ஒரு விளிம்பு உண்டு. சுட்டதும் ஒரு கொக்கி அந்த விளிம்பைப் பிடித்துக் காலிக்கூட்டை இழுத்து வெளியே தள்ளவேண்டும். கொக்கியைக் கல்லில் தீட்டினேன். என்ன கூர்மை என்றால், ஒரு ஈ வந்து அதன்மேல் உட்கார்ந்தது, இரண்டு ஈயாக எழுந்து போனது. தோட்டா அடுக்கும் பெட்டியின் உதடுகளை மயிரிழை நெருக்கினேன். ஒரு தோட்டாவின் விளிம்பு இன்னொன்றின் விளிம்பில் மாட்டிக்கொள்ளாமல் அடுக்கிப் பார்த்தேன். குழலில் படிந்த கரியைச் சுரண்டி எடுத்தேன். சுருள்வில்லை மாற்றினேன். புது வில்லின் வேகத்தில் காலிக்கூடு தெருவைத் தாண்டிப் பறந்து, எதிர்க்கடை சிவதாணுவின் வெற்றிலைப் பெட்டியில் விழுந்தது. அவர் பாக்கு என்று எடுத்துப் போட்டு மென்றார். குறை எதுவும் சொல்லவில்லை.

மலைக்குப் போனதும் அடைத்தது.

"ஏலே, இது என்னலே? குரங்கு சிரிக்குதுலே!" என்று துரை கத்தினாராம்.

எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. மறுபடி கழற்றிப் பூட்டி, மடியில் கட்டிக்கொண்டு நானே மலையேறினேன். போய்ச் சேர்ந்த சாயங்காலமே ஜெபதாஸ் கண்முன்னால் ஒரு வாழைமரத் தண்டைச் சல்லடையாக்கினேன். ஒரு கூடுகூட மாட்டவில்லை. ராத்திரியில் துப்பாக்கி அவர் பொறுப்பு; வழக்கம்போல அவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் வீட்டுத் திண்ணையில் நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்தது. மார்கழிக் குளிர். அடுக்களையில் ஜெபதாஸ் தேங்காய் எண்ணெய்ப் புட்டிக்குள் ஈர்க்குச்சியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. நோண்டி எடுத்துத் தலையில் தேய்த்தார். கையில் மிச்சமிருந்ததைத் துப்பாக்கியில் தேய்த்தார்.

"மாமா! என்ன பண்ணுதிய?"

"தினம் பண்ணுததுதான். ராத்திரி உள்ள நல்லா ஊத்தி வப்பேன். காலம்பற மேல ஒரு தடவு. தொரைக்க கையில குடுக்கும்ப மினுமினுன்னு இருக்கண்டாமா?"

வாங்கிப் பார்த்தேன். கொக்கியைச் சுற்றியும், வில்லைச் சுற்றியும், குழல் வாயிலும் எண்ணெய் மெழுகாகக் கட்டிக் கிடந்தது. கோட்டாறு வெயிலில் தண்ணீராக ஓடுகிற எண்ணெய். என்னிடம் வந்து சேர்வதற்குள் உருகி, வழிந்து, ஒன்றும் தெரியாத மாதிரி ஆகிவிடும்.

உங்களால்தான் என்று சொன்னால் ஓலை போயிற்று. துரையிடம் சொன்னால் மாமாவின் வேலையும் போயிற்று. சொல்லாவிட்டால் இன்றைக்கும் அடைக்கும். வெளியே துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"மாமா, தோக்குக்கு சளி பிடிச்சிருக்கு" என்றேன்.

"என்னது?"

"மலைக்காத்து ஒத்துக்கல. பாருங்க, நெஞ்சில வெள்ளையாட்டு கட்டிக் கெடக்கு."

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஆமாடே."

"சளிக்காரனுக்கு எண்ணெ தேய்க்கலாமா?"

"சீச்சீ, ஆகவே ஆகாது. சன்னி கண்டுரும்லா!"

சட்டென்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். விளக்கிலிருந்த மண்ணெண்ணெயை ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, துப்பாக்கியைத் துரையிடம் கொடுத்தேன். துரை சுட்டார், சுட்டார், பெட்டி காலியாகும்வரை சுட்டார். காலிக்கூடுகள் மழைபோலக் கொட்டின. கடுவன் இரண்டு சிரட்டைகளையும் கீழே போட்டது.

"ஏலே, நல்ல ஆளுலே நீ" என்றார் துரை.

"வார ஞாயிறு ஓலை" என்றார் ஜெபதாஸ்.

ஞாயிறும் வந்தது. நான் கோடிச் சட்டை போட்டுக்கொண்டு கோயில் முற்றத்துக்குள் நுழைகிறேன், வியர்த்து விறுவிறுத்து ஜெபதாஸ் என்னைப் பூவரச மரத்தடிக்கு இழுத்துப்போனார். கையில் துண்டுச் சுருட்டு. பிரித்துக் காட்டினார். துப்பாக்கியின் நெற்றி, மூக்கு, சன்னல் எல்லாம் கல்லாகக் காய்ந்த களிம்பு.

"என்ன மாமா இது?"

"சுக்குப் பத்து. சளி முழுசாப் போவட்டும்னு அரச்சுப் போட்டேன். இப்பம் இழுத்தா வரல. தொரை நாளைக்கு வெள்ளனே கேப்பாரு. மக்கா, உடனே பட்டறைக்கு வா."

"முதல் மணி அடிச்சாச்சே மாமா. ஓலை?"

"ஓலைய அடுத்த ஞாயிறு பாப்பம்."

"அப்பம் தோக்கையும் அடுத்த ஞாயிறே பாப்பம்."

அவர் என்னை முறைத்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன். இரண்டாவது மணி அடித்தது. அவர் துண்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

போதகர் மூன்றாவது ஓலையை வாசித்தார். இந்த விவாகத்துக்குத் தடை சொல்கிறவர்கள் யாராவது உண்டா என்று கேட்டுவிட்டு, வழக்கப்படி சபையைச் சுற்றிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. ஜெபதாஸ் மட்டும் மடியிலிருந்த துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போதகரைப் பார்த்து, இல்லை, இல்லை, இல்லவே இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.