இருபத்து நான்கில் ஒரு புள்ளி

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. நகலெடுக்கும் கடையில் வரிசையில் நின்றபோது கிடைத்தது. மூன்று பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய என் நாவலை நாலாவதாக ஒருவர் திருப்பியனுப்ப வசதியாக நகலெடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கையில் ஒரே ஒரு தாள். அதில் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. மை தெறித்துவிட்டதா என்று கேட்டேன். எழுத்தாளனுக்கு நகைச்சுவை உணர்வு வேண்டுமல்லவா. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆளுங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கடையின் இயந்திரம் மக்கர் செய்தது. அது சரியாகும்வரை அவள் சொன்னதுதான் கதை. சொல்லாதது என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: "பணிமனையின் மேல் சூரியன் தன் தங்கக் கதிர்களை—"

(வேண்டாம். தகரக் கூரை போட்ட பணிமனை அது. சூரியன் அங்கே தங்கம் பரப்புவதில்லை, ஆளை வேகவைக்கிறது.)

தொடக்கம் இரண்டு: அவள் ஒரு பேருந்து நிறுவனத்தில் புள்ளிவிவர உதவியாளர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எத்தனை லிட்டர் குடித்தது, எங்கே போய் இடித்தது என்பதையெல்லாம் கணினியில் ஏற்றுவது வேலை. ஓட்டுநர்கள் வைத்த பெயர் புள்ளிக்காரி. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

மேலாளர் இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய் ஒரு பையும் ஒரு சொல்லும் வாங்கி வந்தார். சொல்: ஒட்டுறவு. ஒன்று ஏறும்போது இன்னொன்றும் ஏறுகிறதா என்று பார்த்து, எவ்வளவு நெருக்கம் என்பதை ஓர் எண்ணாகச் சொல்வது. சேர்ந்தே ஏறினால் ஒன்றை நெருங்கும். ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றால் பூச்சியத்தை ஒட்டி நிற்கும்.

ஓட்டுநர்களின் வயதுக்கும் விபத்துகளுக்கும் ஒட்டுறவு பார்த்துத் தரச் சொன்னார் மேலாளர். நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆறு பேரையும் வண்டி கழுவும் பகுதிக்கு மாற்றும் உத்தரவு அவர் மேசையில் தட்டச்சாகி, கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதன் தேதி, அவர் கணக்குப் போடச் சொன்ன தேதிக்கு மூன்று நாள் முந்தையது. அறிவியலில் இவ்வளவு நம்பிக்கை உள்ள மனிதரை நான் கதையில்கூடப் படைத்ததில்லை.

3

இருபத்து நான்கு ஓட்டுநர்கள். எண் 0.49 என்று வந்தது. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

"ஏறக்குறைய அம்பது. பாஸ்தானே?" என்றார்.

இது பரீட்சை மதிப்பெண் இல்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் அப்போதே பேனாவைத் திறந்திருந்தார். ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

வரைபடத்தில் அவளை உறுத்தியது ஒரு புள்ளி. மற்ற எல்லாப் புள்ளிகளும் கீழே ஒட்டிக் கிடந்தன. கிழவனோ குமரனோ, ஆளுக்கு வருடத்தில் ஒரு கீறல், மிஞ்சினால் இரண்டு. அந்தப் புள்ளி மட்டும் வலது மேல் மூலையில் தனியாக நின்றது. வயது ஐம்பத்தெட்டு, விபத்து பதினொன்று. அதை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டாள். 0.05. ஆக, ஐந்து பேரின் வேலை போகவிருந்தது ஆறாவது ஆளின் கீறல்களால்.

அந்த ஆறாவது ஆள் அவளுடைய அக்காவின் கணவர்.

(வாசகர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. எனக்கும் சந்தேகம்தான். மாமனாக இல்லாமல் யாரோ ஒருவராக வைத்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். பக்கம் படுத்துவிட்டது. தவிர, அவள் அப்படித்தான் சொன்னாள்.)

அக்கா வீட்டோடு அவளுக்கு நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம், அவள் கல்யாணத்தின்போது மாமா— (அடித்துவிட்டேன். அவள் காரணம் சொல்லவில்லை. நான் மூன்று புனைந்தேன். மூன்றிலும் நகை வந்தது. போதும்.) ஒரே பணிமனையில் இருந்தும் எதிரே வந்தால் இருவரும் பக்கவாட்டுச் சுவரைப் படித்துக்கொண்டு போவார்கள்.

4

அன்று மாலையே விபத்துப் பதிவேட்டை எடுத்தாள். இடது கண்ணாடி. இடது கதவு. இடது முன்விளக்கு. பதினொன்றும் இடது. பதிவேட்டை மேலாளர் மாதாமாதம் படித்துக் கையெழுத்திட்டிருந்தார். எண்ணிக்கையை மட்டும் படித்திருப்பார் போல.

மறுநாள் மதியம் மாமாவின் வண்டியில் ஏறினாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும், இருக்கையில் சாய்ந்திருந்தவரின் இடது தோளருகே போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் பார்க்கவில்லை. அவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி ஆட்டினாள். அப்போதும் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டு முகம் திருப்புகிறவர் இப்படி இமைக்காமல் இருக்க மாட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. இறங்கி, வண்டியைச் சுற்றி அவருடைய வலப்பக்க ஜன்னலருகே வந்து நின்றாள். திடுக்கிட்டுப் போனார்.

"எப்பலேருந்து மாமா?"

நாலு வருடத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

மறைத்துப் பயனில்லை என்று அவர் கண்டுகொண்டார். ஒன்றரை வருடமாக இடது கண் மங்கிக்கொண்டே வந்து, இப்போது வெறும் புகை. வருடாந்திரப் பரிசோதனையில் எழுத்துப் பலகையை மனப்பாடமாக ஒப்பித்துத் தப்பித்திருக்கிறார். அக்காவுக்குக்கூடத் தெரியாது. கழுவும் பகுதிக்கு மாற்றப்போவதாக வந்த வதந்தி அவருக்கு வரமாகத் தெரிந்தது.

"ஆறு பேரோட போனா வயசாயிடுச்சுன்னு போகலாம். தனியா போனா, குருடன்னு போகணும்" என்றார்.

இந்த மனிதர் தினமும் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிறார், இடது பக்கம் இதுவரை கண்ணாடியும் கதவும் மட்டுமே குறுக்கே வந்திருக்கின்றன என்று அவள் மனதில் கணக்கு ஓடியது.

"மத்த அஞ்சு பேருக்கும் கண்ணு நல்லா இருக்கு மாமா" என்றாள்.

5

முடிவுகள்.

அ) அவள் முதல் எண்ணையே கொடுத்துவிடுகிறாள். ஆறு பேரும் வண்டி கழுவுகிறார்கள். மேலாளர் அடுத்த பயிலரங்கில் பேச்சாளர். (நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கூசுகிறது.)

ஆ) மாமாவைப் போட்டுக்கொடுத்துவிடுகிறாள். ஐந்து பேர் பிழைக்கிறார்கள். அக்கா வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றுகிறார். (தொலைக்காட்சிக்காரர்கள் தொடர்புகொள்ளலாம்.)

இ) மாமா கண்ணீருடன் சாவியை மேலாளரிடம் ஒப்படைக்க, மேலாளர் மனம் திருந்தி— (மன்னிக்கவும். எனக்கும் ஒரு மானம் இருக்கிறது.)

அவள் சொன்ன வரை இதுதான். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மாமாவின் வலது கையில் கொடுத்தாள். இரண்டு வரைபடங்கள், இரண்டு எண்கள். இரண்டாவதன் கீழே, ஒரு புள்ளி நீக்கப்பட்டதற்கான காரணம் என்று எழுதி வெற்றுக் கோடு. அதை அவர்தான் நிரப்ப வேண்டும், நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் அவர் இனி இந்த வண்டியை எடுக்கக் கூடாது என்றாள். பணிமனைக்குப் போன் போட்டு, ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லை, வேறு ஆள் அனுப்புங்கள் என்றும் சொல்லிவிட்டாள்.

அவர் தாளை வலது கண்ணருகே பிடித்து நிதானமாகப் படித்தார்.

"இத எழுதினா வீட்லயும் சொல்லணும்."

"நானும் கூட வர்றேன்."

மாற்று ஓட்டுநர் வந்தார். இருவரும் பயணிகளாக உட்கார்ந்தார்கள். அவள் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

6

இந்த நேரம் பார்த்துக் கடையின் இயந்திரம் சரியாகிவிட்டது. அவள் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தத் தாளில் அவர் என்ன எழுதியிருந்தார் என்று எட்டிப் பார்த்தேன். கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

நானாக எதையாவது எழுதி நிரப்பியிருக்கலாம். நாலைந்து எழுதினேன், எல்லாம் கதையில் வரும் மனிதர் எழுதுவதுபோல் இருந்தன. இடத்தை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். 'வயது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை மேலாளர் ஏற்கெனவே எழுதிவிட்டார்.

ஒரு புள்ளி நீக்கப்பட்டதற்கான காரணம்: ..............................