பெற்றவள் செய்வது உதவியில்லை

மூட்டுவாதம் வந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்கும் வெளிநாட்டுக் கேள்வித்தாள் ஒன்றைத் துருக்கிக் குடும்பங்களுக்கு ஏற்றபடி மாற்ற, கோன்யாவின் பெரிய மருத்துவமனையில் பேராசிரியர் ஹல்துன் குளிர்காலம் முழுக்கக் கூட்டம் போட்டார். போட்டதுதான் மிச்சம். பிள்ளை குளியல் தொட்டியில் இறங்கி ஏறுகிறதா என்றொரு கேள்வி. இங்கே சுற்றுவட்டார ஊர்களில் முக்காலியில் உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொள்கிறார்கள். கூட்டத்தில் அதைச் சொன்னதற்கு, மூலத்தில் இருப்பதைத் தொடக் கூடாது என்றுவிட்டார். மாநாட்டில் வாசிக்க வேண்டுமே, அந்த அவசரம்.

தாய்மாரிடம் கேட்டுக் குறிப்பது டாக்டர் நில்குனின் வேலை. அன்று பக்கத்து ஊரான சும்ராவிலிருந்து மெலாஹத் தன் ஒன்பது வயது மகள் நாஸ்லியோடு வந்திருந்தாள். போன வருஷம் தகப்பன் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. புது ஊசி போட்ட பிறகுதான் நடக்கிறாள். விரல்கள் மட்டும் இன்னும் வீங்கியே இருந்தன.

"சட்டைப் பொத்தான் மாட்டுறதுல சிரமம் இருக்கா?"

"ஒரு சிரமமும் இல்ல, டாக்டரம்மா."

"தலை சீவுறது? சாப்பிடுறது?"

"அல்லாஹ் புண்ணியத்துல எல்லாம் நல்லாத்தான் நடக்குது."

சிரமத்துக்கான மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, பிள்ளைக்குக் குணமாயிடுச்சு. இவ்வளவு விலை கொடுத்து இனி எதுக்கு ஊசி? நிறுத்திடலாம்னு எழுதிடறேன்."

ஊசி நின்றால் நாஸ்லி மறுபடி படுக்கைதான். நில்குன் ஓடிப்போய் மெலாஹத்தைப் பிடித்தாள்.

"காலையில இவளுக்குப் பொத்தான் போட்டது யாரு?"

"நான்தான்."

"ரொட்டி பிச்சுக் குடுக்கறது?"

"நான்தான். வாயிலயும் நானே வச்சிருவேன்."

"அப்ப, பிள்ளைக்கு யாராவது உதவி செய்யறாங்களான்னு கேட்ட கட்டத்துல ஏன் ஒண்ணும் சொல்லல?"

மெலாஹத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "உதவியா? உதவி செய்ய நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா? பெத்தவ! புள்ளை தானே பொத்தான் போட்டுக்கிட்டு நின்னா, இதுக்குத் தாய் இல்லையான்னு ஊர் கேக்காது?"

பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "படிக்காத ஜனம். கேள்வி சரியாத்தான் இருக்கு, பதில் சொல்றவங்களத்தான் திருத்தணும்." சொல்கிறவர் யார்? தலை நரைத்த பிறகும் அம்மா ஆப்பிளைத் தோல் சீவி, நறுக்கித் தட்டில் வைத்தால்தான் தின்கிறவர்!

நில்குன் வாதாடவில்லை. தாயையும் மகளையும் அவர் அறைக்கே கூட்டி வந்தாள். மெலாஹத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து அவள் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாஸ்லி, ஸ்வெட்டர் பொத்தானைப் போடு, கண்ணு."

குழந்தை முயன்றாள். பொத்தான் வழுக்கியது. நெற்றி வியர்த்தது. மெலாஹத் திமிறினாள், நில்குன் விடவில்லை. அறையில் யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, ஹல்துனால் சுத்தமாக முடியவில்லை. மேசையைச் சுற்றி வந்து, "வாடா செல்லம்" என்று குனிந்து தானே பொத்தானை மாட்டினார்.

"ஆச்சு, சார்" என்றாள் நில்குன். "பிள்ளைக்கு ஒரு சிரமமும் இல்ல. பூஜ்யம் போட்டுக்குங்க."

இரண்டாவது பொத்தானில் அவர் கை நின்றது. காது மடல் வரை சிவந்துபோனார். நாற்காலிக்குத் திரும்பி, ஊசியை நிறுத்தச் சொல்லி எழுதியதைக் கிழித்துக் குப்பையில் போட்டார். மன்னிப்பா? அதெல்லாம் கேட்கலாமா, அவர் பேராசிரியராயிற்றே.

நாஸ்லி இன்னும் அந்த இரண்டாவது பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "வலிக்குதும்மா" என்றாள்.

"இத்தனை நாளா ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றாள் மெலாஹத்.

"நீதான் என்னப் போடவே விடலையே."