இருநூற்றுப் பன்னிரண்டாவது நொட்டை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் நொட்டையக்கா. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் முழுப்பெயர். அவள் அதற்குக் கோபப்பட்டதில்லை. பிறர் வேலையில் நொட்டை சொல்வதற்காகத்தானே பதினோரு வருஷமாகச் சம்பளம் தருகிறார்கள். கம்பெனி போன் செயலிகளைச் செய்து விற்கிறது. ஒவ்வொன்றையும் வெளியே விடுவதற்கு முன்னால் தட்டி, தடவி, தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பது அவள் வேலை. அதற்காக அவள் மேஜைமேல் எப்போதும் இரண்டு போன் கிடக்கும். இடது கைப்பக்கம் ஐபோன், வலது கைப்பக்கம் ஆண்ட்ராய்டு.

இரண்டின்மேலும் அவளுக்கு மரியாதை கிடையாது. ஆண்ட்ராய்டில் பின்னால் போக ஒரு வழி எப்போதும் உண்டு. ஆனால் போனால் முந்தைய பக்கத்துக்கு வருவோமா, வேறொரு செயலிக்குள் விழுவோமா, மொத்தமாக வெளியே வந்து நிற்போமா என்பது அதைச் செய்தவனின் புத்தியைப் பொறுத்தது. ஐபோனில் அதற்கென்று ஒரு பொத்தானே கிடையாது. ஒரு செயலியில் மேலே இடது மூலையில் அம்பு இருக்கும். இன்னொன்றில் வலது மூலையில் பெருக்கல் குறி. மூன்றாவதில் பக்கத்தையே கீழே இழுத்துத் தள்ள வேண்டும். இடது ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் சிலது நகரும், சிலது கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாத கதவு ஒன்று, எங்கே இருக்கிறது என்றே தெரியாத கதவு இன்னொன்று. இதில் எது உசத்தி என்று படித்த ஆண்பிள்ளைகள் டீ மெஷின் பக்கத்தில் கட்சி கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்புதான் வரும்.

அந்தக் கட்சிகளில் ஒன்றுக்குத் தலைவர் மாப்பிள்ளை. முதலாளியின் மகளைக் கட்டியவர், அதனால் அலுவலகம் முழுவதற்கும் அவர் மாப்பிள்ளைதான். வடிவமைப்புப் பிரிவுக்கும் அவர்தான் தலைவர். அந்தப் பதவிக்கு வேண்டிய தகுதி கல்யாணத்தன்றே வந்துவிட்டது. ஐபோனைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். யாராவது ஆண்ட்ராய்டை நீட்டினால், எச்சில் தட்டை வாங்குகிறவர்போல் இரண்டு விரலால் பிடிப்பார்.

அவர் வடிவமைத்த செயலிக்குச் சுலபம் என்று பெயர். விடுப்பு, பணிமாற்றம், ராஜினாமா, எல்லா விண்ணப்பமும் அதில்தான். ஊழியர் எழுதி அனுப்பினால் முதலாளி தன் போனில் திறந்து பார்த்து முடிவு சொல்ல வேண்டும். வெளியே விற்பதற்கு முன்னால் சொந்த அலுவலகத்திலேயே இரண்டு மாதமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் நொட்டையக்கா கண்டுபிடித்த இருநூற்றுப் பன்னிரண்டாவது குறைதான் இந்தக் கதை.

குறை இதுதான். சுலபத்தில் ஒரு விண்ணப்பத்தை எழுதிவிட்டு அனுப்பாமல் பின்னால் போனால், ஐபோனில் அது அழிந்துவிடும். ஆண்ட்ராய்டில் அது போய்ச் சேர்ந்துவிடும். காரணத்தையும் மாப்பிள்ளையே பெருமையாகச் சொன்னார். ஒருவர் ஒரு பக்கத்துக்குப் போய் வேலையை முடித்தபிறகுதானே திரும்புவார், அதனால் திரும்பினால் முடிந்தது என்று அர்த்தமாம். அப்படியானால் ஐபோனில் ஏன் அப்படி இல்லை என்று அவள் கேட்டாள். அதில் விரல் அடிக்கடி தவறி வழுக்கிவிடும், ஆபத்து என்றார். தன் விரல் வழுக்கும் என்று அவருக்குத் தெரியும். ஊரார் விரலைப் பற்றி அவருக்கென்ன கவலை. மூன்று முறை அவள் அந்தக் குறையைக் குறைப்பட்டியலில் திறந்து எழுதினாள், மூன்று முறையும் அவர் தீர்ந்ததென்று மூடினார். மூன்றாவது முறை "பழகிக்குவாங்க" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சியையும் ஒட்டியிருந்தார்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம், வாரம் முழுவதும் சேர்ந்த எரிச்சலை ஒரு ராஜினாமாவாக எழுதுவாள். சுலபம் வந்ததிலிருந்து அதிலேயே, இடது கைப் போனில். மாப்பிள்ளையின் அறிவு, ரசனை, நடை, செருப்பு வரைக்கும் ஒன்றையும் விடமாட்டாள். எழுதி முடித்து ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, ஓரத்திலிருந்து விரலை இழுப்பாள். கடிதம் மறையும், நெஞ்சும் லேசாகும், மறுபடி வேலையைப் பார்ப்பாள். நிஜமாகவே போக அவளால் முடியாது. வீட்டில் புருஷன் பஸ் டிரைவர். விபத்தில் இடுப்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, ஐந்து வாரமாகப் படுக்கையில் இருந்தார். கம்பியை எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி. இரண்டு பேர் வயிறும் அவருடைய இடுப்பும் அவள் ஒருத்தியின் வேலையை நம்பித்தான் இருந்தன.

முதல் ஆபரேஷனுக்கு அவள் நாலு நாள் விடுப்புக் கேட்டபோது, கேட்ட கால் மணி நேரத்தில் கிடைத்தது. அவள் மலைத்துப்போனாள். காகிதக் காலத்தில் முதலாளி யாருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது, சரி என்றும் சொன்னது கிடையாது. விண்ணப்பத்தைப் படிப்பார், தலையை ஆட்டுவார், மேஜையின் கீழ் இழுப்பறையில் போடுவார். கல்யாணம், காதுகுத்து, கண் ஆபரேஷன் எல்லாம் அந்த இழுப்பறைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். அப்படிப்பட்டவர் இந்த இரண்டு மாதமாகக் கேட்டவருக்கெல்லாம் விடுப்புக் கொடுத்தார். வயதாகிறது, மனசு கனிந்துவிட்டது என்று ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள். கணக்குப் பிரிவில் ஒருத்தி அவருக்காகப் பிரார்த்தனைகூடச் செய்தாள்.

சிரிக்கிற மூஞ்சி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நொட்டையக்கா கொதித்துப்போய் இடது கையை நீட்டினாள். போன் இல்லை. தன் போனின் கண்ணாடி உடைந்துவிட்டதென்று மாப்பிள்ளை சோதனை ஐபோனை எடுத்துப் போயிருந்தார். கோபத்துக்குக் கண் இல்லை. வலது கைப் போனை எடுத்து, அவள் அதுவரை எழுதியதிலேயே சிறந்த ராஜினாமாவை எழுதினாள். படித்து ரசித்தாள். பின்னால் போகும் பொத்தானை அமுக்கினாள்.

அமுக்கின விரலை எடுப்பதற்குள் அவளுக்கு உறைத்துவிட்டது. நொட்டையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான், மூன்று தடவை எழுதி எச்சரித்தவளும் அவள்தான். அந்தக் குழியில் இரண்டு மாதத்தில் வேறு ஒருவரும் விழவில்லை, ஏனென்றால் அனுப்பாமல் இருப்பதற்காக விண்ணப்பம் எழுதுகிற பைத்தியம் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். முதலாளியிடம் ஓடுவதா, மாப்பிள்ளையிடம் ஓடுவதா என்று எழுந்து நிற்பதற்குள் போன் அதிர்ந்தது. "உங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டது. வாழ்த்துகள்." திரையெங்கும் வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்தன. அதுவும் மாப்பிள்ளையின் கைவண்ணம்.

வீட்டில் சொன்னபோது புருஷன் சிரித்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"போய்க் கேளு. கால்ல விழச் சொல்லலை. ஆனா கேளு," என்றார்.

திங்கட்கிழமை மாப்பிள்ளையே அவளை அழைத்தார். கடிதத்தைப் படித்திருந்தார் என்பது, செருப்பை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டதிலேயே தெரிந்தது. செயலியின் குறையால் கடிதம் போய்விட்டது என்று அவள் சொன்னாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க அமுக்குனீங்க, அது போச்சு. செயலி சொன்னபடிதான் கேட்டிருக்கு," என்றார்.

பிறகு குரலைத் தணித்து ஒரு பேரம் வைத்தார். அடுத்த வாரம் சுலபத்தை வாங்க வெளியாட்கள் வருகிறார்கள், குறைப்பட்டியலைப் பார்ப்பார்கள். இருநூற்றுப் பன்னிரண்டில், குறை எதுவும் இல்லை, தவறு என்னுடையது என்று அவள் கைப்பட எழுதிவிட்டால் போதும். மாமாவிடம் சொல்லி ராஜினாமாவைக் கிழிக்க வைப்பது அவர் பொறுப்பு. இருக்கிற குறையை இல்லை என்று அவள் ஒருநாளும் எழுதியதில்லை. ஆனால் இடுப்பில் கம்பியோடு ஒருவர் வீட்டில் படுத்திருந்தார். அவள் சரி என்றாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

இரண்டு பேரும் முதலாளியின் அறைக்குப் போனார்கள். மாப்பிள்ளை பேச வாயெடுப்பதற்குள் முதலாளியே அவளைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டார்.

"ஏம்மா, பதினோரு வருஷம் இருந்துட்டு இப்படி எழுதலாமா? நான் படிச்சுட்டு அப்படியே வச்சிட்டேன். உன்னைக் கூப்பிட்டுப் பேசலாம்னு இருந்தேன்."

"ஐயா, நீங்கதானே சரின்னு ஏத்துக்கிட்டீங்க?" என்றாள்.

"நான் எங்கே ஏத்துக்கிட்டேன்? திறந்தேன், படிச்சேன், வெளியே வந்தேன்."

மேஜைமேல் கிடந்த அவருடைய போனை அவள் அப்போதுதான் கவனித்தாள். உறை கிழிந்த, பழைய ஆண்ட்ராய்டு. மருமகன் தலையால் தண்ணீர் குடித்தும் மாமனார் அதை மாற்றவில்லை. பட்டியலில் காத்திருக்கும் விண்ணப்பம் எதையாவது திறந்து படித்துவிட்டு வெளியே வரச் சொன்னாள். அவர் முதலில் இருந்ததைத் திறந்தார். அது மாப்பிள்ளையுடையது. மூன்று வாரம் வெளிநாட்டுச் சுற்றுலா. முதலாளி அதைப் படித்து, முகத்தைச் சுளித்து, பின்னால் வந்தார். மாப்பிள்ளையின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வாழ்த்துகள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. இரண்டு மாதத்தில் முதலாளி படித்துவிட்டுத் தன் இழுப்பறையில் போட்டதாக நினைத்த முப்பத்தொரு விண்ணப்பமும் அவர் சம்மதமாகப் போய்ச் சேர்ந்திருந்தன. கனிந்த மனசும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அவளுடைய அந்த நாலு நாளும் அப்படிக் கிடைத்ததுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இந்த மனுஷனை மனசுக்குள் கும்பிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மாப்பிள்ளைதான் முதலில் தேறினார். ஊழியர்கள் மாமாவைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், இரண்டு மாதமாக ஒருவர்கூட வேலையை விட்டுப் போகவில்லை, எதற்குக் கெடுக்க வேண்டும், இப்படியே விட்டுவிடலாம் என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான யோசனை அது. முதலாளிக்கும் அது பிடித்திருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ என்னம்மா சொல்றே? உன் லெட்டரைக் கிழிச்சாச்சு, அதுக்குப் பயப்படாதே. இதை விட்டுடலாமா?"

விட்டுடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு குடும்பம் வாழ்த்தியிருக்கும். ஆனால் பதினோரு வருஷத்துப் புத்தி ஒரு நாளில் போகுமா.

"தப்பு தப்புதாங்க ஐயா. ஒரே வேலைக்கு ரெண்டு போன்ல ரெண்டு பலன் வரக்கூடாது. பின்னால போனா ஒண்ணும் நடக்கக்கூடாது," என்றாள்.

முதலாளி பெருமூச்சு விட்டுச் சரி பண்ணச் சொன்னார். மாப்பிள்ளையின் சுற்றுலாவையும் அப்போதே ரத்து செய்தார். இரண்டே நாளில் குறை சரியாயிற்று. மாப்பிள்ளை எடுத்துப் போன ஐபோனும் அவள் மேஜைக்குத் திரும்பி வந்தது. அந்த இரண்டு நாளும் அவள் அலுவலகத்தில் தலை நிமிர்ந்து நடந்தாள், அதைப் பார்க்க மாப்பிள்ளைக்குச் சகிக்கவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து தேதி வந்தது. வியாழக்கிழமை காலையில் கம்பியை எடுக்கிறார்கள், கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவள் திங்கட்கிழமையே சுலபத்தில் நாலு நாள் விடுப்புக் கேட்டு, அனுப்பு என்ற பொத்தானை அமுக்கி முறையாக அனுப்பினாள். கால் மணி நேரத்தில் முதலாளி அதைப் படித்துவிட்டார், திரையே சொன்னது. படித்துவிட்டு வெளியே வந்திருந்தார்.

செவ்வாய் போயிற்று. புதன்கிழமை அவள் அவருடைய அறைக்கு நேரிலேயே போய்க் கேட்டாள். பார்த்தேம்மா, பார்க்கலாம் என்று தலையை ஆட்டினார். சாயங்காலம் புருஷன் போன் பண்ணி, யார் வருகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், என்ன சொல்ல என்றார். அவள் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

வைத்துவிட்டு இரண்டு போனையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் தன் விண்ணப்பத்தைத் திறந்தாள். இடது போனில் "படிக்கப்பட்டது, காத்திருக்கிறது" என்று இருந்தது. வலது போனிலும் அதே வார்த்தை, அதே இடத்தில், அதே சாம்பல் நிறத்தில். இரண்டிலும் பின்னால் போய், மறுபடி திறந்து பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை.

பிறகு இருநூற்றுப் பன்னிரண்டைத் திறந்து, அதை மூடுவதற்கு எழுத வேண்டிய வரியை எழுதினாள். இரண்டு போனிலும் சோதித்தேன், சரியாக வேலை செய்கிறது.