அக்குளில் இரண்டு விரல் கிழிசல்

காலையிலிருந்து தையல்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாதாரணமாக வாயை மூடினால் தலை வெடித்துவிடும் என்கிற ரகம் அவர். தோளளவு எடுத்து முடிப்பதற்குள் வந்தவரின் குடும்பச் சண்டை முழுவதையும் கறந்துவிடுவார். இன்றைக்கு வாய்க்குப் பூட்டு. ஆவி கூப்பிடுகிற அம்மாள் சாயங்காலம் வருகிறாள். அதுவரை பேசக் கூடாது, பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வயிற்றுக்குள் போகக் கூடாது, கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடிவிட வேண்டும்.

கூப்பிடப் போவது மூன்று மாதத்துக்கு முன் செத்துப்போன அவர் மனைவியை. ஏற்பாடெல்லாம் மச்சினி. அக்கா அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது யாரையாவது கூப்பிட்டாளா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இவரோ, முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் காதில் விழவில்லை என்றே எல்லோரிடமும் சொல்லிவந்தார். ஆவியெல்லாம் வேண்டாம் என்று மறுத்தால் சந்தேகம் வரும். அதனால் தலையாட்டிவிட்டார்.

மூன்று மணிக்கு மச்சினி ஒரு பையை வெட்டுமேசைமேல் வைத்தாள்.

"மாமா, அக்கா கடைசியா போட்டிருந்த நைட்டி. துவைக்காம அப்படியே வச்சிருந்தேன். இதை நீங்க மடியில வச்சுக்கணுமாம். ஒரு நூல்கூட மாறக் கூடாதாம். மாறிட்டா அவளுக்கு அடையாளம் தெரியாதாம், வரமாட்டாளாம். நான் போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வந்துடுறேன். வாயைத் திறந்துடாதீங்க, புண்ணியமாப் போகும்."

அவள் போனதும் பையைப் பிரித்தார். அக்குளில் இரண்டு விரல் அகலத்துக்குத் தையல் விட்டிருந்தது. ஊருக்கெல்லாம் தைக்கிறவர் வீட்டுக் கிழிசல் அது. மனைவி எத்தனை தடவை சொல்லிக்காட்டியிருப்பாள். அவளுடைய வியர்வை வாசம் இன்னும் போகவில்லை. வந்துவிடுவாள். நிச்சயம் வந்துவிடுவாள். வந்து என்ன சொல்வாள்?

கிழிசலைக் கண்டால் கை சும்மா இருக்காது, அது தொழில் பழக்கம் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது பயம், வேறொன்றுமில்லை. நைட்டியை ஊசிக்கு அடியில் தள்ளி, பெடலை மிதித்தார்.

"ஏங்க..."

கால் நின்றது. மெஷின் நின்றது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பிரமையென்று தலையை உதறிக்கொண்டு மறுபடி மிதித்தார். மெஷின் இரைச்சலுக்கு அடியில், அடுப்படிப் பக்கமிருந்து, தெளிவாக வந்தது.

"ஏங்க... கொஞ்சம் வாங்களேன்."

அதே குரல், அதே இழுப்பு. அன்றைக்கும் இப்படித்தான் கேட்டது. காதில் ஒரு கோளாறும் இல்லை. உப்பு டப்பா எட்டவில்லையாக்கும் என்று நினைத்து, காலரை முடித்து, நூலைக் கத்தரித்து, சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்து போனார்.

இப்போது நிறுத்த நினைத்தும் கால் நிற்கவில்லை. ஊசி கிழிசலைத் தாண்டி நல்ல துணியில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை குரல் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"கேட்டுச்சு!" என்று கத்திவிட்டார். "கேட்டுச்சுடி! அன்னைக்கும் கேட்டுச்சு!"

மெஷின் நின்றது. தெருக்கதவு திறந்திருந்தது. அந்த அம்மாளுக்கு முன்னால், செருப்பைக்கூடக் கழற்றாமல், மச்சினி நின்றிருந்தாள்.

"என்ன மாமா கேட்டுச்சு?" என்றாள்.