மகள் வயிற்றுப் பிள்ளையின் ரத்தம்

மூன்றாவது வாழையும் சரிந்து விழுந்த சத்தம் கேட்டபோது ஓசியோமா தாயின் முகத்தில் மொய்த்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. அடுத்து வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் நொறுங்கின. பந்தல் கால் ஒன்று முறிந்தது.

வந்திருப்பவர்கள் இசியாகுக்காரர்கள், அம்மா பிறந்த ஊர். முப்பது பேர். பல்லிடுக்கில் வழக்குக்கு வந்ததன் அடையாளமாகக் குருத்தோலை, கையில் வெட்டுக்கத்தி. அப்பா வீட்டார் வரவேற்புக்கான கோலாக் கொட்டைத் தட்டை நீட்டியபோது அவர்களில் ஒருவரும் கைநீட்டவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணின் முகத்தைப் பிறந்த வீட்டார் பார்க்காமல் மண்ணுக்குள் வைக்க முடியாது. எப்படிச் செத்தாள் என்ற கேள்விக்குப் பதில் வராமல் அவர்கள் உட்காரவும் மாட்டார்கள். இதுவரை எல்லாம் முறைதான். எந்தச் சாவிலும் நாலு வாழை சாயும், நாலு சட்டி உடையும், பிறகு சமாதானம் ஆகும்.

அம்மாவின் தம்பி அனேனே மட்டும் உள்ளே வந்தார். கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு, தூங்குகிற குழந்தையைப் புரட்டுவதுபோல அக்காவின் தலையைத் திருப்பினார். பின்மண்டையில் விரல் வைத்தார். விரல் உள்ளே போனது. அவள் சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தையும் பார்த்தார்.

"நீ அப்ப எங்க இருந்தே, கண்ணு?"

ஓசியோமா விசிறினாள்.

அவள் எங்கே இருந்தாள் என்பது ஒகோலிப் பெரியப்பாவுக்குத் தெரியும். அப்பாவின் வகையறாவுக்கு அவர்தான் மூத்தவர். நேற்றே அவளைச் சமையல்கட்டுப் பின்னால் அழைத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டார். வீட்டுப் பேச்சு வீட்டோடு இருக்க வேண்டும், அவள் வாயைத் திறந்தால் இசியாகுக்காரர்கள் அப்பன் தலையை எடுத்துவிடுவார்கள், ஆத்தா போன வீட்டில் அப்பனும் போக வேண்டுமா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டியிருந்தாள்.

நடந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆண்பிள்ளை கிழங்கு சேர்த்துவைக்கும் பட்டறையில் பெண்டாட்டி கைவைக்கக்கூடாது. அம்மா விதைக்கிழங்கு இரண்டை எடுத்துத் தம்பிக்குக் கொடுத்தனுப்பினாள். மழையில் அவர் விதையெல்லாம் அழுகிப்போயிருந்தது. கேட்டிருந்தால் அப்பா கொடுத்திருக்கமாட்டார், அதனால் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

அனேனே எழுந்து வெளியே போனார். ஓசியோமா விசிறியை வைத்துவிட்டு வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

முற்றத்தில் அப்பா ஒனுவோரா தன் பங்காளிகளுக்கு நடுவே நின்றார். புதுத் தொப்பி. கண் சிவந்திருந்தது, அழுதவர்தான். தண்ணீர்த் தொட்டிப் பாசி வழுக்கிவிட்டது, தான் வருவதற்குள் உயிர் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னதையே மச்சினனிடமும் சொன்னார்.

"பாசி வழுக்குனா மண்டை உடையும், சரி," என்றார் அனேனே. "கழுத்துல நாலு விரல் தடம் இருக்கே மச்சான். பாசிக்கு விரல் இருக்கா?"

அப்பா வாய் திறப்பதற்குள் இசியாகு ஆள் ஒருவன் கத்தியின் தட்டைப் பக்கத்தால் அவர் தாடையில் அறைந்தான். தொப்பி பறந்தது. ஒரு பல்லும் போனது. பங்காளிகள் உலக்கையும் கம்புமாகப் பாய்ந்தார்கள். உலக்கை ஒருவனின் தோளில் இறங்கியதில் எலும்பு உடைந்த சத்தம் வாசல்வரை கேட்டது. பங்காளிகளில் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான், விரலிடுக்கில் ரத்தம். சாப்பாட்டுப் பந்தல் சரிந்து, கொதித்த குழம்பு யார் காலிலோ கொட்டியது. இது முறைக்கு உடைக்கிற சத்தமல்ல என்பது அங்கிருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. பெண்கள் ஒவ்வொருவராகச் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

அப்பா மண்ணில் விழுந்து கிடந்தார். அனேனே அவர் தலைக்கு மேல் கத்தியை ஓங்கினார்.

ஓசியோமா ஓடினாள். அப்பா மேல் பாசமா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, கால் ஓடிவிட்டது. இசியாகுவில் அவளை யாரும் சுடுசொல் சொன்னதில்லை. மகள் வயிற்றுப் பிள்ளை எந்தச் சட்டியிலும் கைவிடலாம், எந்தக் கோழியையும் பிடிக்கலாம், அடிக்க ஆளில்லை. அந்தப் பிள்ளை மேல் தாய்வீட்டுக் கத்தி படக்கூடாது, பட்டால் மண் தாங்காது. அவள் நடுவில் போய் நின்றால் கத்தி நிற்கும்.

நிற்கவில்லை. அது ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. அனேனே கடைசி நொடியில் கையைத் திருப்பியதால் அவள் தலை தப்பியது. முழங்கைக்குக் கீழே தோல் இரண்டாகப் பிளந்து, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகு ரத்தம் வந்து மூடியது.

முற்றம் அப்படியே அடங்கியது. அனேனேயின் கத்தி கீழே விழுந்தது. இசியாகுக்காரர்கள் ஒவ்வொருவராகக் குருத்தோலையைத் துப்பிவிட்டு மண்ணில் உட்கார்ந்தார்கள். முப்பது பேரும் உட்கார்ந்தார்கள், தோள் உடைந்தவன்கூட.

ஒகோலிப் பெரியப்பாவுக்கு அந்த நேரத்தில் பத்து வயது குறைந்தது. நடுமுற்றத்துக்கு வந்து நின்றார். கேள்வி கேட்க வந்தவர்கள் மகள் பிள்ளையின் ரத்தத்தைச் சிந்திவிட்டார்கள், இனி அவர்களுக்குக் கேட்க வாய் ஏது என்றார். இந்த நெரிசலில் யார் கத்தி என்று யாருக்குத் தெரியும், பிள்ளைதான் வந்து மோதிவிட்டாளோ என்னவோ என்று இசியாகுக் கிழவர் ஒருவர் முனகினார்.

"அவளே சொல்லட்டும்," என்றார் ஒகோலி. "ரெண்டு வீட்டு ரத்தமும் அவ உடம்புல ஓடுது. இந்த வாசல்ல இன்னைக்கு அவ சொல்றதுதான் தீர்ப்பு. அதுக்கு மேல சாட்சி வேணாம். சம்மதமா?"

கிழவர் தலை குனிந்தார். சம்மதம்.

பொய் சொல்லிவிடலாம். முறிந்த பந்தல் காலில் கிழித்துக்கொண்டேன் என்றால் அனேனே மாமா தப்பிவிடுவார். இல்லையென்றால், தீட்டுக் கழிக்கும்வரை அவர் வீட்டுச் சட்டியில் யாரும் சாப்பிடமாட்டார்கள், பிணத்தையும் அவர் தொட முடியாது, சொந்த அக்காவானாலும், வெட்டுப்பட்ட பிள்ளையையும் தொட முடியாது. அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா எழுந்து அவள் பின்னால் வந்து நின்றார். அவள் தோளில் கைவைத்தார். "சொல்லும்மா," என்றார் மெதுவாக. "நடந்ததைச் சொல்லு."

தோளில் நாலு விரலும் தனித்தனியாக அழுந்தின.

"மாமா கத்திதான்," என்றாள் ஓசியோமா.

பெரியப்பா தொடையில் தட்டிக்கொண்டார். பங்காளிகள் பக்கம் சலசலப்பு. அவள் அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"பெரியப்பா, நான் சொல்றதுதான் தீர்ப்புன்னீங்க. நான் இன்னும் முடிக்கல." காயத்தை மறு கையால் அமுக்கிக்கொண்டாள். "நான் தொட்டிகிட்ட மரவள்ளி உரிச்சிட்டிருந்தேன். அப்பா அம்மா கழுத்தைப் புடிச்சு தொட்டி விளிம்புல மூணு தடவை மோதினாரு. ரெண்டாவதுலயே அம்மா சத்தம் நின்னுருச்சு. மூணாவது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. அவரைக் கேளுங்க."

தோளிலிருந்த கை விலகியது.

வலி தாங்காமல் பிள்ளை ஏதோ பிதற்றுகிறது என்று பெரியப்பா ஆரம்பித்தார். அவர் குடும்பத்திலேயே பிறந்து வெளியூரில் வாக்கப்பட்ட பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், சாவு வீட்டில் அவர்கள் பேச்சை ஆண்களும் மீற முடியாது. அவர்களில் மூத்தவள் மூக்குப்பொடியைத் தட்டிவிட்டு வாயைத் திறந்தாள். "துப்புனதை நக்காதே ஒகோலி. அவ பேச்சுல பாதியைத் தின்னுட்டே. மீதியையும் தின்னு."

பெரியப்பா ஓரமாகப் போய் நின்றார். இசியாகுக்காரர்கள் இன்று யார் மேலும் கைவைக்க முடியாது, அவர்கள் கை தீட்டுப்பட்டுவிட்டது. ஆனால் தங்கள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகலாம். கிழவர் எழுந்து அதைத்தான் சொன்னார். கட்டிக்கொண்டு வந்தவளைப் பிறந்த வீட்டார் பிணமாகத் திருப்பி எடுத்துப் போனால், அந்த வாசலுக்குப் பெண் கொடுக்கப் பிறகு எந்த ஊரும் யோசிக்கும்.

சவப்பெட்டி வெளியே வந்தபோது அப்பா ஓடி வந்து அதன் பிடியைப் பற்றிக்கொண்டார். என் பெண்டாட்டி, என் மண் என்று கத்தினார். இசியாகுக்காரர்கள் அவரைத் தொடவில்லை, நின்று காத்திருந்தார்கள். கடைசியில் அவருடைய பங்காளிகளே வந்து விரல்களைப் பிரித்தார்கள். சுண்டுவிரல் பிரிய மறுத்தது. பெரியப்பா அதை ஒடித்தார்.

அனேனே தோள் கொடுக்க வந்தார். கிழவர் கையை நீட்டித் தடுத்தார். "நீ வேணாம்பா."

அவர் வழிவிட்டு நின்றார்.

ஓசியோமா யாரோ கொடுத்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பெட்டியின் பின்னால் நடந்தாள். செம்மண் பாதையில் இருபது அடி தள்ளி அனேனே மாமா வந்தார். அவள் நடையைக் குறைத்தாள். அவரும் குறைத்தார். அவள் நின்றாள். அவரும் நின்றார்.

பெட்டி மேடு ஏறி மறைந்தது. துணி ஊறிச் சொட்டியது. அவள் பாதையோரக் கல்லில் உட்கார்ந்து அதை அவிழ்த்துக் கட்டப் பார்த்தாள். ஒற்றைக் கையால் முடியவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். இருபது அடி தள்ளி அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.