இல்லாத புரதத்தின் வளையம்

ஸ்மராந்தா ஆறு வருஷமாக ஒரே ஒரு புரதத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்தவள். செல்லின் உட்கருவைச் சுற்றியிருக்கும் உறைச் சவ்வில் குந்தியிருக்கும் புரதம் அது. தசை இழுக்கும்போது உறை கிழியாமல் பிடித்துக்கொள்வது அதுதான் என்பது அவளுடைய ஆய்வு. அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியை ஊற்றினால் உட்கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் ஒளிரும். க்ளூஜ் நகரத்தில் அவளுடைய பேராசிரியர் வாலெரியு அந்தப் படத்தைக் காலண்டராகவே அடித்துவிட்டார்.

வியாழக்கிழமை டாக்டர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு. திங்களன்று, சும்மா இருந்திருக்கலாம் மகராசி, அந்தப் புரதமே இல்லாத செல்லிலும் ஆன்டிபாடியை ஊற்றிப் பார்த்தாள். வளையம் தெரியக் கூடாது. முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது! அப்படியானால் ஆன்டிபாடி இத்தனை நாளும் வேறு எதிலோ ஒட்டியிருக்கிறது. படத்தை எடுத்துக்கொண்டு வாலெரியுவிடம் ஓடினாள்.

"அதை ஏம்மா எடுத்துப் பாத்தே?" வாலெரியுவுக்கு அதுதான் ஆத்திரம். "ஆறு வருஷம் பாக்காதவளுக்கு இன்னும் மூணு நாள் பொறுக்க முடியலையா?"

"பட்டம் போயிடுமா, புரொபசர்?"

"வாயைத் திறந்தா போகும்."

வியாழனன்று பக்கத்து அறையில் அவள் அம்மா தேர்வு முடிந்ததும் பரிமாற, முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டிய சர்மாலேயைச் சூடாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசனையில் தேர்வாளர்கள் ஐவருக்கும் கேள்வி கேட்கவே மனமில்லை.

"என்ன அழகான வளையம்!" என்றார் தேர்வுக் குழுத் தலைவர் ஒக்தாவியான். "புரதம் எவ்வளவு ஒழுங்கா உக்காந்திருக்கு, பாருங்க!"

அவளால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமைப் படத்தைத் திரையில் போட்டாள். "சார், இந்தச் செல்லுல அந்தப் புரதமே கிடையாது." வாலெரியு தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எந்த ஆன்டிபாடி?"

சொன்னாள். ஒக்தாவியானின் முகம் வெளிறியது.

"பதினெட்டு வருஷமா நானும் அதைத்தானே ஊத்திட்டிருக்கேன்..."

"நானும்தான்," என்றார் அவர் பக்கத்தில் இருந்த பெண் தேர்வாளர், ஈனஸ்வரத்தில். மற்ற மூவரும் மேஜையைப் பார்த்தார்கள்.

"இந்தப் படம் வேற யார்கிட்டயாவது இருக்காம்மா?" என்று கேட்டார் ஒக்தாவியான்.

"இல்ல, சார்."

"ரொம்ப நல்லது. இதை மட்டும் அழிச்சிடு. மத்ததெல்லாம் அப்பழுக்கில்லாத வேலை."

ஐந்து பேரும் ஒருமனதாக "மிகச் சிறப்பு" என்று கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு, யாரும் எழுந்திருக்காமல் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. ஆறு வருஷம் கண்ணுக்குள் ஓடியது. அழித்தாள்.

"டாக்டரம்மா!" என்று அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டபோது ஸ்மராந்தா விம்மி அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தேர்வாளர்கள் சாப்பிடப் போனார்கள்.